அரியலூர்க் காலமும் ஆரூர் மண்ணும்

முன்னுரை

காவிரிப் படுகை கல் இல்லாத நாடு. திருவாரூரினின்று எத்திசையில் நடப்பினும் நெடுந்தொலைவுக்கு வயலும் வாய்க்காலும் வண்டலுமே காணப்படும். பாறை என ஒன்று தலைகாட்டாது. எனவே அவ்வூரிற் கற்றளி எடுப்பதாயின் கல் வேற்றிடத்திலிருந்து வந்தாதல் வேண்டும். 10ஆம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் ஆரூர் அரநெறியைக் கற்றளியாக்கினார். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரன், தன் அணுக்கியாகிய பரவை நங்கையாரின் பொருட்டு வீதிவிடங்கர் திருக்கோயிலைக் கற்றளியாக்கினான். இவை கல்வெட்டுக்களால் நாம் அறிந்த செய்திகள்.

இக்கட்டுரையில் நாம் வினவுவது வேறொன்று. ஆரூர் மண்ணுக்கு அடியிற் கல் உண்டா? உண்டெனின் அஃது எக்காலத்தது? அக்காலத்திற்கும் தமிழர் வரலாற்றுக்கும் உள்ள உறவு யாது? இவை நிலநூலார் ஆராய வேண்டிய வினாக்கள் அல்லவோ, தமிழ்த்துறையினர்க்கு இவற்றால் ஆவதென்னை எனச் சிலர் கருதக்கூடும். ஆயின், கடல்கோள் பற்றியும் குமரிநாடு பற்றியும் தமிழ்க்குடியின் தொன்மை பற்றியும் எழுதப்பெற்ற நூல்கள் பலவும் நிலநூலாரின் காலக் கணக்கைத் துணைக்கு அழைத்துள்ளன. அழைத்த துணையை முற்ற அறியாது விட்டமையாற் சில மயக்கங்கள் வேரூன்றின. அவற்றைக் களைதற்கு ஆரூரும் அதற்கு வடமேற்கே உள்ள அரியலூரும் நமக்குப் பெரிதும் உதவுகின்றன.

காலத்தின் பெயர்

கல்வெட்டறிஞர் அரசரின் ஆட்சியாண்டு கொண்டு காலம் வகுப்பர். நிலநூலார் பாறை அடுக்குக்களையும், அவற்றுட் கல்லாகிக் கிடக்கும் உயிரெச்சங்களையும் கொண்டு காலம் வகுப்பர். ஓர் உயிரினம் தோன்றிய அடுக்கு முதல் மறைந்த அடுக்கு வரை அவர்க்கு ஓர் ஆட்சிக்காலம் போல்வது. ஆண்டுக் கணக்கு, பாறையிலுள்ள கதிரியக்கத் தனிமங்களின் சிதைவை அளந்து பின்னர்ச் சேர்க்கப்பட்டதாகும்.

அவர் வகுத்த காலங்களுள் ஒன்று கிரீத்தேசியம். இலத்தீன் மொழியிற் 'கிரேத்தா' என்பது வெண்சுண்ணத்தைக் குறிக்கும். 1822இல் பெல்சிய நிலநூலார் தொமாலியுசு தல்லுவா என்பவர் மேலை ஐரோப்பாவின் சுண்ண அடுக்குக்களுக்கு இப்பெயரை இட்டார். இற்றைக்கு ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகட்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகட்கு முன் முடிந்த இக்காலம் பன்னிரண்டு உட்பிரிவுகளை உடையது. இறுதி உட்பிரிவின் பெயர் மாஸ்டிரிக்டியம். நெதர்லாந்து நாட்டு மாஸ்டிரிக்ட் நகரத்துச் சுண்ணக்குன்றை நோக்கி 1849இல் ஆந்திரே துயூமோன் இப்பெயரை வழங்கினார். ஏறத்தாழ 7.2 கோடி ஆண்டு முதல் 6.6 கோடி ஆண்டு வரையுள்ள 60 இலக்கம் ஆண்டுகளை இஃது அடக்கும்.

இவ்வுட்பிரிவின் பாறைகள் தமிழகத்தில் நன்கு வெளிப்பட்டுக் கிடக்கும் இடமே அரியலூர். உலக வழக்கில் மாஸ்டிரிக்ட் நகரின் பெயர் நிலைத்ததாயினும், தென்னாட்டு நிலநூலில் அரியலூர் என்னும் பெயரே ஒரு காலத்தின் அடையாளமாயிற்று. எனவே இக்கட்டுரையில் எளிமை கருதி அதனை 'அரியலூர்க் காலம்' எனவே குறிப்போம். அரியலூர்ப் பாறைகளின் அடிப்பகுதி இவ்வுட்பிரிவுக்குச் சற்று முற்பட்டது என்பதையும் ஈண்டே சொல்லிவிடுதல் முறை.

பாறைகளை ஆய்ந்தோர்

1840ஆம் ஆண்டளவில், சென்னை அரசுப்பணியில் இருந்த கே என்பாரும் கன்லிஃப் என்பாரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிற் கல்லான சிப்பிகளையும் சங்குகளையும் திரட்டினர். அவற்றை இலண்டனில் ஆய்ந்த எட்வர்டு ஃபோர்ப்சு 1846இல் விளக்க உரை வெளியிட்டு, அவை கிரீத்தேசியக் கடலின் எச்சங்கள் எனக் காட்டினார். பின்னர் இந்திய நிலவியல் அளவைத்துறையைச் சார்ந்த என்றி பிளான்ஃபோர்டு இப்பகுதியை நேரில் அளந்தார். 1862இல் வெளிவந்த அவர்தம் நூலிற் பாறைகள் மூன்று குழுக்களாகப் பகுக்கப்பட்டன: கீழ் உள்ளது ஊட்டத்தூர்க் குழு, நடுவில் திருச்சிராப்பள்ளிக் குழு, மேல் அரியலூர்க் குழு. நூற்றறுபது ஆண்டுகளாகியும் அப்பாகுபாட்டின் அடிப்படை மாறவில்லை.

அடுத்து வந்தவர் மொராவிய நாட்டினராகிய பெர்தினாந்து ஸ்டோலிச்கா. தென்னிந்தியக் கிரீத்தேசிய உயிரெச்சங்களைப் பற்றி 1873 வரை தொகுதி தொகுதியாக அவர் எழுதியவை இன்றும் ஆய்வாளர்க்கு முதனூலாகும். 1874இல் யார்க்கந்துப் பயணத்தினின்று மீளும் வழியில் இமயத்தின் அப்பால் அவர் உயிர் நீத்தார். 1890களில் பிரான்சு கோசுமத்து இப்பகுதியின் அம்மோனைட்டுக்களை ஆராய்ந்து, அவற்றைப் பிற கண்டங்களின் எச்சங்களோடு ஒப்பிட்டார். அம்மோனைட்டு என்பது சுருண்ட ஓடுடைய கடலுயிர். கண்டகி ஆற்றிற் கிடைத்து நம் வைணவர் இல்லங்களிற் பூசை பெறும் சாளக்கிராமங்கள் பலவற்றுள்ளும் இருப்பது இவ்வினத்து ஓடே. ஆனால் அது கிரீத்தேசியத்தினும் முந்திய காலத்தது.

கடலின் வரவும் செலவும்

இப்பாறைகள் கூறும் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். இந்திய நிலம் ஒருகாலத்தில் அண்டார்க்டிக்காவோடும் ஆசுத்திரேலியாவோடும் ஒன்றியிருந்தது. அது பிரிந்து விலகத் தொடங்கியபோது நம் கீழ்க்கரை இழுபட்டுப் பிளந்து, வடகிழக்கு தென்மேற்காக நீண்ட பள்ளங்கள் உண்டாயின. இதுவே நிலநூலார் கூறும் காவிரிப் படுகையின் தோற்றம். பள்ளத்துட் கடல் புகுந்தது. காரை என்னும் ஊரருகே இன்று வறண்டு வெடித்து, மழைநீர் அரித்த ஓடைகளாகக் காணப்படும் களிமண் வெளி, அன்று ஆழ்கடலின் அடித்தளம். கல்லக்குடியிற் சிமெந்துக்கு வெட்டப்படும் சுண்ணக்கல் அக்கடலின் பவளத்திட்டு. கருடமங்கலத்துச் சிப்பிப்பாறை மெருகேற்றப்பட்டுத் 'திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்' என அலங்காரப் பொருளாயிற்று. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கின்றது. 1940இல் நிலநூலறிஞர் மா. சு. கிருட்டிணன் அதனைக் கண்டறிந்தார். கரையிலிருந்து அடித்து வரப்பட்டுக் கடற்படிவிற் புதைந்து கல்லான மரம் அது.

அரியலூர்க் காலத்தில், கல்லங்குறிச்சியிற் கடல் ஆழங்குறைந்து தெளிந்திருந்தது. தடித்த ஓடுகளையுடைய சிப்பிகள் அடர்ந்து வாழ்ந்து, மடிந்து, அடுக்கடுக்காகக் குவிந்தன. பின்னர்க் கடல் மெல்லப் பின்வாங்கியது. ஒட்டக்கோயில் மணற்பாறையும் அதன்மேற் கல்லமேட்டுப் பாறையும் அப்பின்வாங்கலின் சான்றுகள். கல்லமேட்டுப் பாறை கடலிற் படிந்ததன்று. ஆறு கொணர்ந்த மணலும் களிமண்ணுமாம். அதனுள் தொன்மாவாகிய டைனோசரின் எலும்புகள் உள. சார்லசு மேட்லி என்னும் அறிஞர் 1929இல் அவற்றைப் பற்றி எழுதினார். அதன்மேற் கிடக்கும் நின்னியூர்ச் சுண்ணப்பாறையிற் கடல் மீண்டும் வந்துவிட்டது. ஆயின் அம்மோனைட்டும் தொன்மாவும் அங்கு இல்லை. மெக்சிகோவில் விண்கல் வீழ்ந்ததும், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரந்ததும் இவ்விரு பாறைகட்கு இடைப்பட்ட எல்லையை ஒட்டி நிகழ்ந்தவை. ஓர் ஊழியின் முடிவும் மற்றோர் ஊழியின் தொடக்கமும் ஒரே மாவட்டத்துள் அடுத்தடுத்துக் கிடக்கக் காண்கின்றோம்.

ஆரூரின் அடியில்

இனி ஆரூருக்கு வருவோம். அரியலூரில் வெளிப்பட்டுக் கிடக்கும் இவ்வடுக்குக்கள் கிழக்கு நோக்கிச் சரிந்து, கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து, படுகையின் அடியில் ஆழ்ந்து செல்கின்றன. திருவாரூர்ப் பகுதியில் அவற்றின்மேற் பிற்காலப் படிவுகள் மிகத் தடித்துக் கிடத்தலின் கண்ணாற் காண இயலாது. 1960களின் நடுவிற் காரைக்காலில் எண்ணெய்க்காக ஆழ்துளை இட்ட பின்னரே இப்படுகையின் உள்ளமைப்பு விளங்கலாயிற்று. அதன்பின் திருவாரூரை அடுத்த கமலாபுரம், அடியக்கமங்கலம் முதலிய இடங்களில் எண்ணெய் எடுக்கப்பட்டது.

நிலத்தடிப் பாறைகட்கு நிலநூலார் ஊர்ப்பெயர்களையே இட்டனர். கிரீத்தேசியத்தின் பிற்பகுதியைச் சார்ந்த களிப்பாறை ஒன்று 'குடவாசல்' எனப்படும். அதன்மேற் கிடக்கும் தொகுதி 'நன்னிலம்' எனப்படும். அரியலூர்க் காலம் முடிந்தபின் படிந்த தொகுதி ஒன்று 'கமலாபுரம்' எனப்படும். மூன்றும் இன்றைய திருவாரூர் மாவட்டத்து ஊர்கள். குடவாசல் சங்க இலக்கியம் பயில்வோர்க்கு அறிமுகமான குடவாயில். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானால் அங்குச் சிறையிடப்பட்டான் எனப் புறநானூற்றின் அடிக்குறிப்பு ஒன்று கூறும். சேரன் சிறையிருந்த ஊரின் பெயர், மனிதரே இல்லாத ஒரு கடலின் அடிச்சேற்றுக்கும் பெயராயிற்று!

பெயர் பற்றி மற்றொன்றும் நோக்கத்தக்கது. கல்லக்குடிக்கு டால்மியாபுரம் என ஆலையின் பெயர் இடப்பட்டதை எதிர்த்து 1953இல் கிளர்ச்சி நடந்தது. அதனை முன்னின்று நடத்தியவர், திருவாரூரிற் பள்ளிப்படிப்புப் பயின்ற மு. கருணாநிதி. இன்று இருப்புப்பாதை நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம். ஆயினும் நிலநூலில் அவ்வூர்ச் சுண்ணப்பாறை இன்னும் 'டால்மியாபுரம்' என்றே வழங்குகின்றது. அவ்வாறே பரங்கிப்பேட்டை 'போர்டோநோவோ' என்றும், தரங்கம்பாடி 'டிராங்குபார்' என்றும் பாறைப் பட்டியலில் நிற்கின்றன. மக்கள் வழக்கில் மறைந்த பெயர்கள் அறிவியல் வழக்கிற் புதைபடிவமாயின. இடப்பெயராய்வு செய்வோர் தம் களத்துள் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடல்கோள் பற்றிய மயக்கம்

இவ்வளவும் கண்டபின், முன்னுரையிற் குறித்த மயக்கத்தை எடுத்துக்கொள்வோம். இறையனார் களவியல் உரை முச்சங்க வரலாற்றைக் கூறுங்கால் கடல்கொண்ட செய்தியையும் கூறுகின்றது. அடியார்க்கு நல்லார் பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட எழுநூற்றுக் காவத நிலம் கடலுள் ஆழ்ந்ததை விரித்துரைத்தார். 1864இல் ஆங்கில விலங்கியலார் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கெச்சங்கள் காணப்படுதற்குக் காரணமாக, இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கலாம் என ஊகித்து அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். உரையாசிரியர் கூறிய நிலமும் ஸ்கிளேட்டர் ஊகித்த நிலமும் ஒன்றே எனப் பின்வந்த தமிழறிஞர் பலர் கொண்டனர்.

இக்கொள்கை மூன்று காரணங்களால் நில்லாது. முதலாவது, நிலநூலார் தம் ஊகத்தையே கைவிட்டனர். 1912இல் வெகெனர் கூறிய கண்டப் பெயர்ச்சிக் கருத்தும், 1960களில் உறுதிப்பட்ட புவித்தட்டுக் கொள்கையும் இலெமூரியாவைத் தேவையற்றதாக்கின. நிலம் மூழ்கவில்லை, நிலங்கள் விலகின. இரண்டாவது, அவ்விலகல் நிகழ்ந்த காலம். மடகாசுகரினின்று இந்தியா பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகட்கு முன், கிரீத்தேசியக் காலத்திடையே. களவியல் உரை மூன்று சங்கங்கட்கும் தரும் ஆண்டுகள் 4440, 3700, 1850, கூட்டினால் 9990. அதனை உள்ளவாறே ஏற்பினும், அரியலூர்க் காலத்தின் முடிவை எட்ட அத்தகைய தொகையை 6600 முறை அடுக்க வேண்டும். மூன்றாவது, மாந்தரின் காலம். இன்றைய மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டுகளே ஆயின. எனவே அரியலூர்க் கடலைக் கண்ட கண் ஒன்றும் இல்லை. கண்டு சொன்ன நாவும் இல்லை.

அங்ஙனமாயின் கடல்கோட் செய்தி முற்றும் பொய்யோ எனின், அவ்வாறு முடிவு கட்டுதலும் பொருந்தாது. இற்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன், பனியூழியின் உச்சத்திற் கடல்மட்டம் இன்றினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று நிலமாய் இருந்தது. பனி உருகக் கடல் ஏறியது. கரையோர மக்கள் நிலம் இழந்தனர். இது மாந்தர் கண்ட கடல். உரையாசிரியர் கூற்றுக்கு நிலநூற் சான்று தேட விரும்புவோர் தேட வேண்டிய களம் இதுவேயன்றி கிரீத்தேசியக் கடலன்று. அங்கும், நினைவு எத்துணைத் தலைமுறை நிற்கும் என்னும் வினாவுக்கு முதலில் விடை கண்டாதல் வேண்டும்.

மேலும், கடல் கொண்டதை மட்டுமே பேசுவோர் கடல் தந்ததை மறந்துவிடுகின்றனர். திருவாரூர் மாவட்டத்தின் தென்பகுதியில், திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரணியத்திற்கும் இடையே பழங்கடற்கரை மணல்மேடுகள் வரிசையாக உள. கடந்த 6000 ஆண்டுகளின் அளவிற் கடல் படிப்படியாகப் பின்வாங்கி நிலம் ஈந்ததற்கு அவை சான்று. சோழநாட்டின் கடலோரம் கொண்டதும் கொடுத்ததுமாகிய இருவகை வரலாறும் உடையது.

கல்லும் மண்ணும்

கல்லுக்குப் பின்னும் மண்ணுக்கு முன்னும் தோன்றிய மூத்த குடி என மறவர் குடியைப் புகழும் கருத்துப் புறப்பொருள் வெண்பாமாலையில் உளது. மேடைகளிற் பலகால் வழங்குவது அது. புகழுரையை வரலாற்றுரையாகக் கொள்ளலாகாது என்பதே நம் கருத்து. எனினும் காவிரிப் படுகையில் அதனைச் சொல்லுக்குச் சொல் வைத்து நோக்கினால் வியப்பான ஓர் உண்மை புலப்படுகின்றது.

ஆரூரின் அடியிலுள்ள கல் 7 கோடி ஆண்டினது. ஆரூரின் மேலுள்ள வயல்மண்ணோ காவிரி அண்மைக்காலத்திற் பரப்பிய வண்டல்; கடல் ஏறி நின்றபின், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் மேன்மேலும் படிந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், தமிழகத்தில் மாந்தர் வாழ்ந்துவிட்டனர். சென்னையை அடுத்த அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுத் தொன்மை உடையன என 2011இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஆகவே ஆரூர் வயலின் மண் தோன்றுமுன் இந்நாட்டிற் கருவி செய்த கைகள் இருந்தன என்பது உண்மையே. ஆனால் அக்கைகள் இன்றைய மனித இனத்தினும் முற்பட்ட மாந்தருடையவை. அவர் பேசிய மொழி யாது என்பதைக் கல் சொல்லாது. கல் சொல்லாததை நாம் கல்லின் பெயராற் சொல்லுதல் கூடாது. தமிழின் தொன்மை பிராமிக் கல்வெட்டிலும், கீழடி போன்ற அகழ்வுகளிலும், தொல்காப்பியத்திலும், சங்கப் பாடல்களிலும் காணக்கிடக்கின்றது. இச்சான்றுகளாற் பெறும் பெருமை குறைவானதன்று. அதற்குக் கிரீத்தேசியக் கடலிற் கடன் வாங்க வேண்டுவதில்லை.

முடிவுரை

சான்று பற்றியே நாம் பேசினோம். சான்றின் அழிவு பற்றியும் ஒரு சொற் கூறி முடிப்போம். 1980களின் இறுதியில், யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆய்வாளர் இருவர் கல்லமேட்டிற் கிடைத்த மாபெரும் எலும்புகட்குப் 'புருகத்காயோசாரசு மேட்லியி' எனப் பெயரிட்டனர். நிலத்தில் வாழ்ந்த விலங்குகளுள் மிகப் பெரியனவற்றுள் அது வைத்து எண்ணப்பட்டது. ஆனால் அவ்வெலும்புகள் சிதைந்து அழிந்தன. எஞ்சியவை வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. ஆதலின் அதன் அளவு பற்றியும் இனம் பற்றியும் எழுந்த வாதம் இன்றும் முடியவில்லை. மூலம் இழந்த ஏடு போன்றதாயிற்று அது.

2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் முதலிய பகுதிகளில் எண்ணெய், எரிவளி முதலியவற்றுக்குப் புதிய அகழ்வுகளைத் தடுத்தது. அதனால் மண் காக்கப்பட்டது. அரியலூரிலோ கல்லே விளைபொருள். சிமெந்து ஆலைகளுக்காகச் சுண்ணக்கல் நாளும் வெட்டப்படுகின்றது. அத்தொழிலால் வாழ்வோர் பலர். அதனை நிறுத்துக என்பது நம் வேண்டுகோளன்று. சாத்தனூர்க் கல்மரம் காக்கப்படுகின்றது. வாரணவாசியிற் புதைபடிவ அருங்காட்சியகம் உளது. இவை நற்றொடக்கங்கள். ஆயினும் அருங்காட்சியகத்தில் வைத்த ஓடு, எவ்வடுக்கில் எதன்மேற் கிடந்தது என்னும் குறிப்பு இன்றேல், இடமறியாத கல்வெட்டுத் துண்டினை ஒக்கும்.

ஆரூர் அரநெறியைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியாரை முன்னுரையில் நினைந்தோம். அவ்வம்மையார் திருக்கோடிகாவில் திருக்கோயிலைப் புதுக்கியபோது, அங்கிருந்த பழங்கல்வெட்டுக்களை அழிய விடாது, புதிய சுவரிற் படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். இன்று நாம் அக்கோயிலிற் பல்லவர், பாண்டியர் காலச் செய்திகளைப் படிப்பது அதனாலன்றோ! பழையதை எடுப்பவன் எடுக்குமுன் படியெடுத்தல் வேண்டும் என்னும் நெறி, ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் நாட்டிற் கைக்கொள்ளப்பட்டது. அரியலூர்ச் சுரங்கங்களில் ஒவ்வொரு அடுக்கும் வெட்டப்படுமுன் வரையப்பட்டு, ஒளிப்படம் எடுக்கப்பட்டு, எச்சங்கள் இடக்குறிப்போடு திரட்டப்படல் வேண்டும். அம்மையார் கோயிற்சுவருக்குச் செய்ததை நாம் கடற்சுவருக்குச் செய்வோமாக.